டின்னவெல்லின்னு தேடு

கேட்டலாக் இழுப்பறையில் எந்த அட்டையை அதிகம் பேர் தேடியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கக் கணக்கு எதுவும் வேண்டியதில்லை, அழுக்கே சொல்லிவிடும். மூன்றுக்கு ஐந்து அங்குல அட்டைகள், அடியில் துளையிட்டு நீளமாக ஒரு கம்பி கோத்திருக்கும். இழுப்பறையை முழுக்க வெளியே இழுத்து மேலிருந்து பார்த்தால் வெள்ளை விளிம்புகளுக்கு நடுவே அங்கங்கே கறுத்த பட்டைகள் தெரியும். பரீட்சைக்குக் கேள்வி வரும் புத்தகங்கள் அங்கேதான். படிக்கிற காலத்தில் அவசரத்துக்கு எல்லோரும் செய்தது அதுதான். பெயரைக்கூடப் படிக்காமல் அழுக்குள்ள இடத்தில் விரலை வைப்போம்.

பிற்பாடு நானே ஒரு கல்லூரியில் நூலகராக உட்கார்ந்த பிறகு, கூகுள் ஸ்காலரில் ஒரு கட்டுரையின் அடியில் அதை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற எண்ணைப் பார்த்தபோது அந்தக் கறுத்த பட்டைகள்தாம் நினைவுக்கு வந்தன. ஒரு கட்டுரையைப் பின்னால் யார் யார் எடுத்தாண்டார்கள் என்று பிடித்துக்கொண்டே போகலாம் என்ற யோசனைக்கு உருவம் கொடுத்தவர் யூஜின் கார்ஃபீல்டு. அவருடைய அறிவியல் மேற்கோள் அட்டவணை 1964-இல் அச்சுத் தொகுதிகளாக வெளிவந்தது. எங்கள் ஊர்க் கல்லூரிகள் நினைத்துப் பார்க்கக்கூடிய பொருளாக அது ஒருநாளும் இருந்ததில்லை. 2004 நவம்பரில் கூகுள் ஸ்காலர் வந்ததும் அதே வசதி இணையம் உள்ள எவருக்கும் காசில்லாமல் கிடைத்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான அனுராக் ஆசார்யா கரக்பூர் ஐஐடியில் படித்தவர். ஆனாலும் அழுக்கைப் பார்த்துத் தேடுவதில் உள்ள குறை இதிலும் ஒட்டிக்கொண்டு வந்தது. கறுத்த அட்டை மேலும் கறுக்கும், வெள்ளை அட்டை வெள்ளையாகவே கிடக்கும். படிக்கிற காலத்தில் எனக்கு வேண்டியிருந்தது ஒரு வெள்ளை அட்டை.

எண்பதுகளின் கடைசி. பாளையங்கோட்டையில் எம்.ஏ. வரலாறு. தாமிரபரணிக் கால்வாய்களில் இருந்து தண்ணீர் வாங்கும் குளங்களைப் பற்றி ஆய்வேடு எழுதுவதாகச் சொல்லிவிட்டேன். சொன்னதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் வரும் மாதங்களில் தாத்தா வீட்டில் இருக்கமாட்டார், மடையில் இருப்பார். யாருடைய வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்பது அவர் வாயிலேயே இருந்தது. எழுதி வைத்ததை நான் பார்த்ததில்லை. எங்கேயாவது யாராவது எழுதி வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

“என்னம்மா தேடுத?” என்று கேட்டுக்கொண்டே லைப்ரரி சார் பக்கத்தில் வந்து நின்றார்.

“குளம் சார்.”

“குளத்தப் பத்தி என்ன? மீன் பிடிக்கதா, குளம் வெட்டினதா, தண்ணி பங்கு வைக்கதா?”

“தண்ணி பங்கு சார்.”

“எந்தக் காலத்துல?”

“வெள்ளக்காரன் காலத்துல.”

“அப்ப திருநெல்வேலின்னு தேடாத. டின்னவெல்லின்னு தேடு. குளத்துக்கு இங்கிலீஷ்ல உனக்குத் தெரிஞ்ச வார்த்தையப் போடாத, அவன் போட்ட வார்த்தையப் போடு. டேங்க்குன்னு பாரு.”

இழுப்பறையில் நான் முன்பே தள்ளிவிட்டுப் போன ஓர் அட்டையை அவர் விரல் நேராகப் போய் நிறுத்தியது. அதில் புத்தகத்தின் பெயரே இல்லை. திருநெல்வேலி என்று மேலே ஒரு வரி, அதற்குக் கீழே ‘டின்னவெல்லி – காண்க’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். அவருடைய கையெழுத்து. அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் ஸ்டூவர்ட் 1879-இல் எழுதிய மாவட்ட மேனுவலையும், 1881-இல் வந்த கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாற்றையும், 1917-இல் வந்த பேட்டின் கெசட்டியரையும் முதன்முதலாகக் கையில் எடுத்தேன். கெசட்டியரில் பாசன அத்தியாயத்தைத் திறந்தபோது எங்கள் பக்கத்துக் கால்வாய்களின் பெயர்கள் ஆங்கில எழுத்தில் கோணல்மாணலாக இருந்தன. வாய்விட்டு வாசித்தால்தான் எந்த ஊர் என்று பிடிபட்டது.

அவர் என்னிடம் கேட்ட மூன்று கேள்விக்கும் நூலகவியலில் ஒரு பெயர் உண்டு என்று நான் பிறகு அந்தப் படிப்புக்குப் போனபோது தெரிந்தது. ரெபரன்ஸ் இண்டர்வியூ. வருகிறவர் கேட்பது ஒன்றாக இருக்கும், அவருக்கு வேண்டியது வேறாக இருக்கும்; இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கேள்வி கேட்டே குறைப்பது. எங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் இந்த இடம் வந்ததும் ரங்கநாதனிடம் போய்விடுவார்கள். 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் போனார். போன புதிதில் நூலகத்தின் தனிமை பொறுக்காமல் வகுப்பறைக்கே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டார் என்பது அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. லண்டனுக்குப் படிக்க அனுப்பினார்கள். அங்கே செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். துளையிட்ட பட்டைகளும் திருகாணிகளும். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டி எதை வேண்டுமானாலும் செய்யலாம். புத்தகப் பொருளையும் இப்படிப் பிரித்துக் கோக்கலாமே என்று தோன்றியதில் பிறந்ததுதான் 1933-இல் வெளியான கோலன் பகுப்பு முறை. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் 1931-இல் அவருடைய ஐந்து விதிகள் புத்தகமாக வந்தன. நான்காவது விதி வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது.

எங்கள் லைப்ரரி சார் ரங்கநாதன் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த அட்டையை எழுதிய அன்று அவருக்கு அரைமணி நேரம் போயிருக்கும். அதற்குப் பின் வந்தவர்களுக்கு எத்தனை நாள் மிச்சமாயிற்று என்று கணக்குப் பார்க்க முடியாது.

இப்போது என் மேஜையில் கணினி இருக்கிறது. அட்டை போய்விட்டது. உலகத்துக்கே அட்டை அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒஹையோவின் ஓசிஎல்சி நிறுவனம் கடைசிக் கட்டு அட்டைகளை அடித்தது 2015 அக்டோபர் 1-ஆம் தேதி. எங்களைப் போன்ற கல்லூரிகளில் அதற்கு முன்னாலேயே கோஹா வந்துவிட்டது. நியூசிலாந்தில் ஒரு சின்ன ஊரக நூலகத்துக்காக 1999-இல் எழுதத் தொடங்கிய மென்பொருள். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளலாம். அட்டைகளைப் பார்த்துக் கணினியில் ஏற்றும் வேலையைப் பையன்களிடம் விடுவது வழக்கம். நான் பார்த்த ஒரு நூலகத்தில் ஒவ்வொரு அட்டைக்கும் அக்செஷன் நம்பர், அதாவது புத்தகத்தின் பதிவு எண், பார்த்து ஏற்றினார்கள். ‘காண்க’ அட்டைகளுக்கு அந்த நம்பர் கிடையாது, ஏனென்றால் அவை எந்தப் புத்தகத்துக்கும் உரியவை அல்ல. ஏற்றாமல் ஒதுக்கிய அந்த அட்டைகளின் முதுகில்தான் பிறகு வரவு செலவு எழுதினார்கள், டெலிபோன் நம்பர் எழுதினார்கள்.

மென்பொருளைக் குறை சொல்ல இதில் எதுவுமில்லை. அறுபதுகளில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியட் அவ்ரம் என்ற பெண்மணி, நூலகப் படிப்பே இல்லாத ஒரு புரோகிராமர், அட்டையில் இருந்த ஒவ்வொரு வரியையும் எண் போட்டுப் பிரித்தார். மார்க் என்று அதற்குப் பெயர். நூலாசிரியர் 100, தலைப்பு 245, பொருள் 650. இன்றைக்கும் பல நாடுகளின் கேட்டலாகைத் திறந்தால் அடியில் இந்த எண்கள்தாம் ஓடுகின்றன. அந்த முறையிலேயே ‘காண்க’ அட்டைக்கும் இடம் இருக்கிறது. ஊர்ப்பெயர் 151-இல் இருக்கும், அதன் பழைய பெயர்களும் மாற்றுப் பெயர்களும் 451-இல் போகும். கோஹாவிலும் அந்தக் கட்டம் இருக்கிறது. நிரப்பத்தான் ஆள் வேண்டும்.

ஒவ்வொரு ஜூலையிலும் முதுகலைப் பிள்ளைகளுக்கு நூலகக் கருவிகளைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு என்னுடையது. பெரும்பாலும் அவரவர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். செல்போனில் என்னைவிட வேகம். “எல்லாம் கூகுள்ல இருக்கே மேடம்?” என்று யாராவது ஒருவர் கேட்காமல் அந்த வகுப்பு முடிந்ததில்லை. கேட்பதில் தப்பில்லை. நான் அவர்களிடமே ஒரு கட்டுரையைத் தேடச் சொல்வேன். கிடைக்கும். சுருக்கம் வரும். முழுக் கட்டுரையைத் தட்டினால் முப்பது நாற்பது டாலர் கேட்கும். அங்கேதான் என்-லிஸ்ட்டைக் காட்டுவேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துவது, 2010-இலிருந்து இருப்பது. கல்லூரிகளுக்காகவே 6000-க்கும் மேற்பட்ட இதழ்களையும் லட்சக்கணக்கான மின்னூல்களையும் திறந்து வைத்திருக்கிறது. கல்லூரி சந்தா கட்டும், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு லாகின் கிடைக்கும். ஊருக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தும் படிக்கலாம். முன்பெல்லாம் இப்படி இல்லை. கல்லூரிக் கணினியின் ஐபி முகவரியைப் பார்த்துத்தான் கதவு திறக்கும், சாயங்காலம் பூட்டிவிட்டால் போச்சு. இப்போது சங்கடம் வேறு. “பாஸ்வேர்டு மறந்துருச்சு மேடம்” என்று வருகிறவர்களில் பாதிப்பேர் ஒருமுறைகூட உள்ளே போகாதவர்கள்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று வருஷத்துக்கு 6000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், கிட்டத்தட்ட 13,000 இதழ்கள், 6300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். மத்திய மாநில அரசுகள் நேரடியாக நடத்தும் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் முதலில். செய்தியைப் படித்துவிட்டு எங்கள் துறைத்தலைவர் ஒருவர், “இனி எல்லாருக்கும் எல்லாம் கெடைக்கும் பாருங்க” என்றார். பணம் கட்டிய கதவு திறப்பது பெரிய காரியம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கதவு திறந்து உள்ளே நிற்கும் பிள்ளைக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கட்டம் இருக்கும், அதில் ஒரு கோடு மினுங்கிக்கொண்டிருக்கும். என்ன தட்டுவது?

எங்கள் வகுப்பில் பொருளாதாரம் படிக்கும் பெண் ஒருத்தி எனக்குப் பிடித்த தலைப்போடு வந்தாள்: குளத்துப் பாசனம். ஆங்கிலத்தில் திருநெல்வேலி, பாசனம் என்று இரண்டு வார்த்தையைத் தட்டினாள். வந்தவை அவ்வளவும் அண்மைக் காலத்தவை. நிலத்தடி நீர், செயற்கைக்கோள் படம், சொட்டுநீர். டேவிட் லுட்டன் இந்தப் பகுதியின் உழவர் வரலாற்றை எழுதி 1985-இல் பிரின்ஸ்டனில் வெளியிட்ட நூல் வந்தது, அது போதும்போல அவளுக்குத் தோன்றியது. ஸ்டூவர்ட் வரவில்லை. பேட் வரவில்லை. இரண்டு பேரும் இணைய ஆவணக் காப்பகத்தில் முழுசாக ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடக்கிறார்கள், என் செல்போனில் ஐந்து விநாடியில் திறக்கிறார்கள். ஆனால் அந்தப் புத்தகங்களின் அட்டையில் திருநெல்வேலி என்ற பெயரே இல்லை. கருவிக்கு அது எப்படித் தெரியும்?

“எந்தக் காலத்து விஷயம் வேணும்?” என்று கேட்டேன். சொன்னாள். “அப்ப டின்னவெல்லின்னு தேடு” என்றேன். சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேச வரவில்லை.

அதன் பிறகு அவளுக்குக் காட்டியது ஜார்ஜ் பூல் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கணித மேதையின் பெயரால் வழங்கும் தேடல் முறை. அண்ட், ஆர், நாட் என்ற மூன்றே சொற்கள். இரண்டு சொல்லும் சேர்ந்து வரவேண்டுமென்றால் அண்ட். இரண்டில் எது வந்தாலும் சரி என்றால் ஆர். ஒன்றைத் தள்ளவேண்டுமென்றால் நாட். ஒரு தொடரை அப்படியே தேட இரட்டை மேற்கோள் குறி. சொல்லின் வேரை மட்டும் எழுதி நட்சத்திரக் குறி போட்டால் அந்த வேரிலிருந்து வரும் எல்லாம் கிடைக்கும். ஏறக்குறைய எல்லா ஆய்விதழ்த் தளங்களிலும் இது செல்லும். பிள்ளைகள் அண்ட்-ஐ உடனே பிடித்துக்கொள்வார்கள், ஏனென்றால் எல்லோருக்கும் முடிவுகளைக் குறைத்துக் காட்ட வேண்டும். ஆர்தான் அரிதாக நினைவுக்கு வரும். எனக்கோ எப்போதும் ஆர்தான். திருநெல்வேலி என்று எழுதி, ஆர் போட்டு, டின்னவெல்லி என்று எழுதி, இரண்டையும் அடைப்புக்குள் வைத்துவிட்டுப் பிறகு அண்ட் போட்டால், லைப்ரரி சார் எழுதிய அதே அட்டையை அந்தப் பெண் தன் கையால் எழுதிக்கொள்கிறாள். அவர் ஒருமுறை எழுதினால் எல்லோருக்கும் ஆகும். இது ஒவ்வொருவரும் ஒவ்வொரு தடவையும் எழுதவேண்டியது. அதுதான் வித்தியாசம்.

தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். சிலப்பதிகாரத்தை ஆங்கிலத்தில் சி என்ற எழுத்தில் தொடங்குகிறவர்கள் உண்டு, எஸ்ஸில் தொடங்குகிறவர்கள் உண்டு, சிஹெச்சில் தொடங்குகிறவர்கள் உண்டு. நடுவில் ‘த’வை டியாகவும் எழுதுவார்கள், டிஹெச்சாகவும் எழுதுவார்கள். காங்கிரஸ் நூலகம் தமிழ் எழுத்துக்கு எழுத்து ஒரு வரையறை வைத்திருக்கிறது, வெளிநாட்டுக் கேட்டலாகுகள் அதைத்தான் பின்பற்றுகின்றன. அந்த எழுத்துமுறை தெரிந்தால் சிகாகோவில் இருக்கும் தமிழ்ப் புத்தகத்தை எங்கள் ஊரில் இருந்து கண்டுபிடிக்கலாம். தெரியாவிட்டால் நம்மூரில் அச்சான புத்தகம் அங்கே இல்லவே இல்லை என்று நினைத்துக்கொள்வோம்.

சிகாகோ என்றதும் கோட்டையூர் வந்துவிடுகிறது. அந்த ஊரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த தமிழ்ப் புத்தகங்கள், பத்திரிகைகள், துண்டு விளம்பரங்கள், அழைப்பிதழ்கள். அவர் 1992-இல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. வாங்கியும் கப்பலேற்றிக் கொண்டுபோகாமல் சென்னையில் வைத்து, 1994-இல் ஆராய்ச்சி நூலகமாக்கியது. ஆராய்ச்சிக்கு அங்கே போனவர்கள் மைக்ரோபிலிம் கருவியின் முன்னால் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். இன்று அதன் கேட்டலாக் இணையத்தில் இருக்கிறது. சென்னைக்கு டிக்கெட் எடுக்கும் முன்பே அங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்நூலகத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனையே சொல் சொல்லாகத் தேடலாம். ‘மடை’ என்று போட்டால் என் தாத்தா நின்றுகொண்டிருந்த இடத்துக்கு எத்தனை பொருள் என்று பார்க்கலாம்.

யாழ்ப்பாணத்துப் பழைய பத்திரிகை ஒன்றைக் கேட்டு ஒரு மாணவன் வந்தபோது அவனை நூலகம் தளத்துக்கு அனுப்பினேன். 2005-இல் தொடங்கிய ஈழத் தமிழர்களின் முயற்சி. 1981-இல் யாழ் பொது நூலகம் எரிந்தது அவனுக்குக் கேள்விப்பட்ட செய்திதான். ஒரு நூலகத்தில் ஒரே பிரதியாக இருப்பது என்றால் என்ன என்பது, அந்தத் தளத்தில் பக்கம் பக்கமாகப் புரட்டியபோது புரிந்ததாகச் சொன்னான். நூலகம் தளத்துக்கு ஏழு வருஷம் முன்னால், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களே தட்டி இணையத்தில் போட்டது. தமிழில் இந்தக் கருவிகள் பலவும் இப்படி யாரோ ஒருவர் சம்பளமில்லாமல் ராத்திரி உட்கார்ந்து செய்ததில்தான் வந்தன.

ஆய்வேடுகளைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. நாங்கள் படித்தபோது ஒருவர் எழுதிய பிஎச்.டி. ஆய்வேட்டைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே போகவேண்டும். கடிதம் வேண்டும், கையெழுத்து வேண்டும். ஜெராக்ஸ் எடுக்க விடமாட்டார்கள், பென்சிலில் குறிப்பெடுக்கலாம். 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆய்வேட்டை மின்வடிவில் தரவேண்டும் என்று விதி கொண்டுவந்தது. அதன் பிறகு வளர்ந்தது ஷோத்கங்கா என்ற ஆய்வேட்டுத் தளம்; இன்று 5 லட்சத்துக்கும் அதிகமான ஆய்வேடுகள். அத்தியாயம் அத்தியாயமாகத் தனித்தனி பிடிஎஃப். பிள்ளைகள் முதல் அத்தியாயத்தைத் திறப்பார்கள். நான் கடைசியில் உள்ள நூற்பட்டியலை முதலில் திறக்கச் சொல்வேன். மூன்று நான்கு வருஷம் ஒருவர் அலைந்து திரிந்து சேர்த்த பட்டியல் அது, அவர் நமக்காக அலைந்திருக்கிறார்.

ஆனால் தமிழில் எழுதிய ஆய்வேட்டின் உள்ளே ஒரு சொல்லைத் தேடினால் பல சமயம் ஒன்றும் வராது. ஸ்கேன் செய்த படமாக இருந்தால் வராது. படமாக இல்லாவிட்டாலும், யூனிகோடு பரவுவதற்கு முன்பு பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டியதாக இருந்தால் வராது. திரையில் நமக்கு ‘அ’ தெரியும். கணினிக்கு அது ஆங்கில எம். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல்தான். அதற்கு முந்திய உழைப்பெல்லாம் கண்ணுக்குத் தெரியும், தேடலுக்குத் தெரியாது. அங்கே சொல்லை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகம், துறை, நெறியாளர் பெயர் என்று படிப்படியாக இறங்கிப் போகச் சொல்வேன். இழுப்பறையைத் திறந்து அட்டை அட்டையாகப் பார்ப்பதுதான். ஒரு நெறியாளரின் மாணவர்கள் அடுத்தடுத்து ஒரே விஷயத்தைச் சுற்றி எழுதியிருப்பார்கள், ஒன்றைப் பிடித்தால் மற்றவை வரும்.

குறிப்பெடுப்பதும் மாறிவிட்டது. துண்டுச்சீட்டுகளை ரப்பர் பேண்டு போட்டு ஷூ டப்பாவில் வைத்திருந்த தலைமுறை நாங்கள். இப்போது ஸோட்டேரோ இருக்கிறது. 2006-இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மையத்தில் செய்து இலவசமாக விட்டது. ஒரு கட்டுரை திறந்திருக்கும்போது ஒரு பொத்தானை அமுக்கினால் ஆசிரியர், இதழ், ஆண்டு, பக்கம் எல்லாம் தானே ஏறிக்கொள்ளும். ஆய்வேட்டின் கடைசியில் நூற்பட்டியலைத் தானே அடுக்கும். நம்மூர்ப் பெயரில்தான் அதற்குத் தடுமாற்றம். குடும்பப் பெயர் இல்லாமல் அப்பா பெயரின் முதலெழுத்தோடு வாழ்கிறவர்கள் நாம். மு. வரதராசனார் போன்ற பெயரைக் கொடுத்தால் எது முன்னால், எது பின்னால் என்று அது தன் வழக்கப்படி புரட்டிவிடும். பெயரை இரண்டு கட்டத்தில் போடாமல் ஒரே கட்டத்தில் போட ஒரு வசதி அதிலேயே இருக்கிறது. அதைக் காட்டியதும் பிள்ளைகளுக்கு ஒரு சந்தோஷம். தங்கள் அப்பாவின் எழுத்து இடம் மாறாமல் நிற்கிறதே என்று ஒருத்தி சொன்னாள்.

இரண்டு மூன்று வருஷமாகப் புதிதாக ஒன்று. கேட்டதற்கெல்லாம் பத்தி பத்தியாகப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவுச் செயலி. ஒரு மாணவன் நூற்பட்டியலோடு வந்து, “இதெல்லாம் நம்ம லைப்ரரில இல்ல மேடம், எங்கேயாச்சும் வாங்கித் தர முடியுமா?” என்று கேட்டான். ஆசிரியர் பெயர்கள் நிஜம். இதழின் பெயர் நிஜம். ஆண்டு, தொகுதி, பக்க எண் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கட்டுரைகளில் சில மட்டும் உலகத்தில் எங்கேயும் எழுதப்படவில்லை. இதழின் அந்தத் தொகுதியைத் திறந்து, அந்தப் பக்கத்தில் வேறு ஏதோ இருப்பதைக் காட்டினேன். பையன் முகம் வாடிவிட்டது. “அப்ப அது பொய் சொல்லிச்சா?” என்றான். பொய் என்று சொல்லமுடியாது. அதற்கு இல்லை என்று சொல்லத் தெரியவில்லை. கேட்டலாகுக்குத் தெரியும். அட்டை இல்லையென்றால் இல்லை. என்-லிஸ்ட்டில் முடிவு பூஜ்யம் என்று வந்தால், நீ போட்ட சொல்லுக்கு இங்கே எதுவுமில்லை, வேறு சொல் போடு என்று அர்த்தம். பூஜ்யத்தைப் பார்த்துச் சோர்ந்துபோகும் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் சொல்வது: பூஜ்யம் நேர்மையான பதில்.

அந்தச் செயலியையே வேறு விதமாகப் பயன்படுத்தச் சொல்லிக் கொடுக்கிறேன் இப்போது. கட்டுரை கேட்காதே, சொல் கேள். குளத்துப் பாசனத்துக்கு ஆங்கிலேய ஆவணங்களில் என்னென்ன பெயர்கள் புழங்கின என்று கேள். சொல்லும். சரியாகவும் சொல்லும், தப்பாகவும் சொல்லும். ஒவ்வொன்றையும் கேட்டலாகில் போட்டுப் பார், பூஜ்யம் வந்தால் தள்ளு. அது தேடிக்கொடுக்கவேண்டியதில்லை, தேடுவதற்கு வார்த்தை கொடுத்தால் போதும். ஆனால் லைப்ரரி சார் முதலில் கேட்டாரே, மீன் பிடிக்கதா தண்ணி பங்கு வைக்கதா என்று, அந்தக் கேள்வியைப் பிள்ளைகள் தங்களுக்குத் தாங்களே கேட்டுக்கொண்ட பிறகு அதனிடம் போகவேண்டும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகங்களில் துறைக்கொரு வழிகாட்டிப் பக்கம் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பாடத்துக்கு இந்த இதழ்கள், இந்தத் தரவுத்தளங்கள், சந்தேகம் வந்தால் இந்த நூலகரைக் கேள் என்று போட்டிருப்பார்கள். லிப்கைட்ஸ் என்ற மென்பொருளில் செய்வார்கள், காசு கொடுக்கவேண்டும். எங்களுக்கு அது கட்டுப்படியாகாது. கூகுள் ஷீட்டில் ஒரு பட்டியல் போட்டேன். இடப்பக்கம் இன்றைக்குப் பிள்ளைகள் தட்டும் சொல். வலப்பக்கம் எந்தச் சொல்லில் தேடினால் கிடைக்கும் என்பது. தஞ்சாவூருக்கு டாஞ்சூர். திருச்சிக்கு டிரிச்சினாபலி. தூத்துக்குடிக்கு டூட்டிகோரின். கன்னியாகுமரிக்கு கேப் கொமாரின். மடைக்கு ஸ்லூஸ். வருவாய்த்துறைப் பதிவுகளில் பசலி ஆண்டு என்று போட்டிருந்தால் 590-ஐக் கூட்டிக்கொள், வரும் ஆங்கில வருஷத்தின் ஜூலையில் அந்தப் பசலி தொடங்கும்.

முதலில் நான் மட்டும் எழுதினேன். பிறகு பிள்ளைகளுக்கும் திருத்தும் உரிமை கொடுத்தேன், எவ்வளவு குழப்பம் வரும் என்று தெரிந்துதான். வந்தது. கண்மாய், ஏரி, குளம் மூன்றுக்கும் ஒரே வரியா, தனித்தனி வரியா என்று மதுரைப் பக்கத்துப் பையனும் காஞ்சிபுரத்துப் பெண்ணும் சண்டை போட்டுக்கொண்டார்கள். தனித்தனி வரி, மூன்றுக்கும் வலப்பக்கம் டேங்க் என்று முடிந்தது. அந்தப் பொருளாதாரப் பெண் சேர்த்த வரி இது: இடப்பக்கம் குடிமராமத்து, வலப்பக்கம் 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். குளத்தையும் வாய்க்காலையும் ஊர்க்காரர்களே கூடிச் செப்பனிடும் வழக்கத்துக்கு ஆங்கிலேயர் போட்ட சட்டப் பூட்டு அது. தலைப்பில் குளமும் கிடையாது, குடிமராமத்தும் கிடையாது. ஷோத்கங்காவில் ஒரு ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் இருந்து பிடித்திருக்கிறாள். எனக்கே அந்த வழி தெரியாது.

எல்லாம் இணையத்தில் வந்த பிறகு நூலகர் எதற்கு என்று கூட்டங்களில் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள். நான் அந்தப் பட்டியலைத் திறந்து காட்டுவேன். சந்தா அரசு கட்டும், கதவைக் கருவி திறக்கும், தேடுவதை ஒரு விநாடியில் தேடும். எந்தப் பெயரில் தேடுவது என்பது இன்னும் யாராவது ஒருவர் உட்கார்ந்து எழுதவேண்டிய வேலையாகவே இருக்கிறது. எனக்குச் சம்பளம் அதற்குத்தான். அடுத்த ஜூலையில் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வரிகளைக் கோஹாவின் 451-இல் ஏற்றத் தொடங்கவேண்டும்.